புதிய பிரெஞ்சு பேக்கரிக்கு முதன்முறை போகும்போது: எதை வாங்குவது, எப்படிச் சுவைப்பது

புதிதாகத் திறந்த பிரெஞ்சு பேக்கரிக்குள் நுழைந்ததும் கண் நேராகப் போவது குளிர்ப்பெட்டிக்கு. பளபளக்கும் சாக்லேட் கேக், ஸ்ட்ராபெர்ரி அடுக்கிய டார்ட், நிறம் நிறமாக மக்ரோன். முதல் முறை அவற்றுக்கு இரண்டாம் இடம் கொடுங்கள். பக்கத்துத் தட்டில் அலங்காரம் ஏதுமின்றிக் கிடக்கும் வெண்ணெய்க் குரோசானை முதலில் வாங்குங்கள். பழமும் க்ரீமும் சாக்லேட்டும் எத்தனையோ குறைகளை மூடிவிடும். குரோசானில் மூட ஒன்றுமில்லை: மைதா, வெண்ணெய், பால், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, அதற்கு மேல் செய்தவரின் கையும் அவர் கொடுத்த நேரமும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், இந்தக் கடைக்கு அந்த ஒரு சோறு இதுதான். (பெயரைச் சொல்லும்போது கடைசி 'ட்' ஒலிக்காது. தவறாகச் சொன்னாலும் குடிமுழுகிப் போகாது. விரலால் காட்டினாலே எடுத்துத் தருவார்கள்.)

எந்த நாள், எந்த நேரம்

திறப்பு நாளன்று போகவேண்டாம். கூட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஓவன். புது ஓவனில் எந்த மூலை அதிகம் சுடும், எந்தத் தட்டு பின்தங்கும் என்பது வேலை செய்பவர்களுக்குப் பிடிபட நாளாகும். மாவு மூட்டை மாறினால் தண்ணீரின் அளவு மாறும். சமையலறையில் வெப்பமும் ஈரமும் கூடினால் மாவு உப்பும் நேரம் குறையும். இவையெல்லாம் ஒரு சீருக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வாரத்தின் பிற்பகுதியில் ஒரு முறை போங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி போங்கள். தீர்ப்பை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வார நாளில், கடை திறந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போவது நல்லது. குரோசான் வகைகளைப் பெரும்பாலும் காலையில்தான் சுடுவார்கள். நேரம் ஆக ஆக உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு ஏறி மொறுமொறுப்பைத் தின்றுவிடும். மாலை ஐந்து மணிக்கு வாங்கிய குரோசானை வைத்துக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை. ரொட்டியின் கதை வேறு. பல கடைகளில் பிற்பகலில் இரண்டாம் ஈடு இறங்கும்; கோல்போல் நீண்ட பாகெட் ரொட்டி வாங்க அதுவே நல்ல வேளை.

ஓவனிலிருந்து அப்போதுதான் இறங்கிய குரோசான் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று உடனே கடித்துவிடாதீர்கள். 20 நிமிடமாவது பொறுங்கள். சுடச்சுட இருக்கும்போது உள்ளே நீராவி நிறைந்திருக்கும். அடுக்குகள் இன்னும் இறுகியிருக்காது. அந்த நிலையில் நல்ல குரோசானும் உள்ளே மாவு போல ஒட்டும்.

ஒரு கூரையின் கீழ் மூன்று தொழில்

பிரெஞ்சு பேக்கரி என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ரொட்டி செய்வது புலாஞ்ஜரி. க்ரீம், டார்ட், கேக் வகை பாத்திசெரி. இரண்டுக்கும் நடுவில், ஈஸ்ட் போட்ட இனிப்பு மாவில் செய்யும் குரோசான், பிரியோஷ் முதலியவை வியெனுவாசெரி. இந்தப் பெயருக்கு வியன்னா என்று பொருள் வருவது தற்செயலல்ல: ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் இறுதியில் பாரிஸின் ரூ த ரிஷ்லியூ தெருவில் வியன்னா பாணி பேக்கரி ஒன்றைத் திறந்தார். அங்கே விற்ற பிறை வடிவ கிப்ஃபெர்ல்தான் குரோசானின் மூதாதை. வெண்ணெயை மடித்து அடுக்கடுக்காக்கும் முறை பிறகு பிரான்சில் சேர்ந்துகொண்டது.

மூன்றிலும் சமமாகத் தேர்ந்த கடை அபூர்வம். அதனால் ஒவ்வொன்றிலும் ஒன்றாவது வாங்கிப் பார்த்தால்தான் கடையின் பலம் எங்கே என்று தெரியும்.

வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். குரோசான் தட்டைப் பாருங்கள். நல்ல நிறம் வெளிர் மஞ்சள் அல்ல. தேன் நிறத்தையும் தாண்டிய செம்பழுப்பு, மடிப்பின் விளிம்புகளில் இன்னும் அடர்த்தியாக. வெளுத்துக் கிடந்தால் 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் என்ற கணக்கில் எங்கோ குறைத்திருக்கிறார்கள். அவை ஆறும்போது சுருங்கி விலாவில் சுருக்கம் விழும்.

அடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கையால் சுருட்டிய குரோசான்களில் அண்ணன் தம்பி சாயல் இருக்கும். அச்சில் வார்த்ததுபோல் நீளம், படிகளின் எண்ணிக்கை, கோணம் எல்லாம் ஒன்றாக இருந்தால் தொழிற்சாலையிலிருந்து உறைந்த நிலையில் வந்து இங்கே சுடப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய கடையில் முப்பது நாற்பது வகை இருந்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சமையலறையில் அத்தனையையும் அன்றன்று செய்ய முடியாது. மாவை விரிக்கும் உருளை இயந்திரம் கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல அறிகுறி.

பிரான்சில் நேராக நீண்ட குரோசான் வெண்ணெயில் செய்தது, பிறைபோல் வளைந்தது மார்கரினில் (தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று) செய்தது என்று ஒரு வழக்கம் உண்டு. வழக்கம்தான், சட்டமல்ல. பிரான்சுக்கு வெளியே அதை நம்பிப் பயனில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

குளிர்ப்பெட்டியில் க்ரீம் வகைகள் 4 டிகிரி அளவில் இருக்கவேண்டும். பெட்டிக்கு வெப்பமானி இருந்தால் ஒரு பார்வை பாருங்கள். க்ரீம் நிரப்பிய நீள எக்லேரின் மேல்பூச்சில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அது குளிரிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பழ டார்ட்டின் மேல் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய பூச்சு இருப்பது சரி, பழம் காயாமலிருக்க அது தேவை. ஜெல்லிபோல் தடிமனாக இருந்தால், அடியில் இருப்பது நேற்றைய பழமா என்று உற்றுப் பாருங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள்

கூட்டம் இல்லாத நேரத்தில் நான்கு கேள்வி கேட்கலாம். தன் வேலையில் பெருமை உள்ளவர் மகிழ்ந்து பதில் சொல்வார்.

"குரோசானை இங்கேயே மடிக்கிறீர்களா, வடிவமைத்ததை வாங்கிச் சுடுகிறீர்களா?" இங்கே செய்தால், மாவை முந்தின நாளே பிசைந்து குளிரில் வைத்திருப்பார்கள். அந்த விவரம் தானாகப் பதிலில் வரும். தாங்கள் செய்ததையே சில நாள் உறைய வைத்து எடுப்பது குற்றமல்ல, பல நல்ல கடைகள் செய்வதுதான். ஆனால் உறைநிலையில் நாள் கூடக்கூட ஈஸ்டின் ஒரு பகுதி செத்துப்போகும். குரோசான் சரியாக உப்பாது. பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரொட்டி மாவைப் பிசைவதும் வடிவமைப்பதும் சுடுவதும் கடையிலேயே நடந்து, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்காமல் இருந்தால்தான் 'புலாஞ்ஜரி' என்று பலகை வைக்கலாம். அந்தக் காப்பு ரொட்டிக்கு மட்டும்; குரோசானுக்கு இல்லை. அதனால் பிரான்சிலேயே இந்தக் கேள்வி கேட்கத்தக்கதுதான்.

"என்ன வெண்ணெய்?" மடிப்புக்குரிய வெண்ணெயில் கொழுப்பு 82 முதல் 84 சதவீதம் இருக்கும். தண்ணீர் குறைவு என்பதால் உடையாமல் தகடாக விரியும். ஷராந்த்-புவாத்தூ, இசீனி என்று ஊர்ப் பெயர் சொன்னால், அவை பிரான்சின் பாதுகாக்கப்பட்ட மூலப்பெயர் உடைய வெண்ணெய்கள், அதாவது அந்தப் பகுதியில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர்.

"இன்று காலை எத்தனை மணிக்குச் சுட்டது?" "இங்கே எது உங்களுக்குப் பிடிக்கும்?" கடைசிக் கேள்வியைக் கல்லாவில் இருப்பவரிடம் அல்ல, முடிந்தால் மாவு படிந்த கையோடு உள்ளிருந்து வருபவரிடம் கேளுங்கள்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இன்னும் சிலவற்றைக் கட்டாயம் கேட்கவேண்டும். குரோசான் மாவில் பொதுவாக முட்டை இருக்காது, ஆனால் மேலே முட்டை தடவித்தான் சுடுவார்கள். பிரியோஷ், எக்லேருக்கான ஷூ மாவு, எல்லாக் கஸ்டர்ட் வகையிலும் முட்டை உண்டு. மூஸ் அடுக்கிய கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும்; அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். பாகில் ஊறிய பாபா கேக்கிலும் கனெலே என்ற சிறு கேக்கிலும் ரம் சேரும். மக்ரோன், ஃபினான்சியே என்ற சிறு கேக், ஃபிரான்ஜிபான் என்ற க்ரீம் பூரணம் மூன்றுக்கும் அடிப்படை பாதாம். சக்கர வடிவ பாரி-பிரெஸ்ட்டில் ஹேசல்நட் வரும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட கடையில் எந்தப் பொருளும் முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேசை ஒன்று, கத்தி ஒன்று, பறக்கும் மாவுத்தூள் ஒன்று.

எத்தனை வாங்குவது

இரண்டு பேருக்கு ஐந்து பொருள் போதும்: வெண்ணெய்க் குரோசான் இரண்டு, உள்ளே சாக்லேட் வைத்த பான் ஓ ஷோகோலா ஒன்று, ஷூ மாவில் செய்த ஏதாவது ஒன்று, டார்ட் ஒன்று. கூடவே பாகெட். மூன்று நான்கு பேர் என்றால் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ மைதாவுக்கு மடிக்க மட்டுமே ஏறத்தாழ 500 கிராம் வெண்ணெய் போகும். மாவிலும் கொஞ்சம் சேரும். மொத்த எடையில் வெண்ணெய் கால் பங்கு. 70 கிராம் குரோசானில் 17 கிராம் வெண்ணெய் வரும். இப்படி இரண்டை முழுதாகத் தின்றவருக்கு மூன்றாவது எப்படி இருந்தாலும் திகட்டும். ஒவ்வொன்றிலும் பாதியோ மூன்றில் ஒன்றோ சுவைத்துவிட்டு மீதியை வைத்துவிடுங்கள்.

குரோசான் மட்டும் ஏன் இரண்டு? ஒரே தட்டிலேயே ஓரத்தில் வெந்தது வேறு, நடுவில் வெந்தது வேறு. ஒன்றை வைத்து முடிவுகட்டினால் அந்த ஒன்றின் தலைவிதியைக் கடையின் தலையில் கட்டியதாகிவிடும்.

குரோசானை வெட்டிப் படிப்பது

பல் வைத்த ரொட்டிக் கத்தி வேண்டும். சாதாரணக் கத்தி அழுத்தி நசுக்கிவிடும். அடுக்கு எப்படி இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில் கையில் எடுத்து எடை பாருங்கள். உருவத்துக்கு எடை குறைவாகத் தோன்றவேண்டும். திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள்: உலர்ந்து, சீராகப் பழுப்பேறியிருக்கவேண்டும். விரலில் எண்ணெய் ஒட்டினாலோ, அடி பொரித்ததுபோல் இருந்தாலோ, வெண்ணெய் உருகி வெளியே ஓடி அதிலேயே வெந்திருக்கிறது. பிறகு மூக்கருகே பிடியுங்கள். பாலும் வறுத்த வெண்ணெயும் கலந்த மணம் வரவேண்டும். சாராய நெடியோ கூர்மையான ஈஸ்ட் நெடியோ அடித்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்கிறது. சிக்கு வாடை வந்தால் கொழுப்பு பழையது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போது நடுவில் குறுக்காக, அழுத்தாமல், முன்னும் பின்னும் இழுத்து அறுங்கள். வெட்டுமுகத்தில் தெரிய வேண்டியது தேன்கூடு: மையத்திலிருந்து சுழன்று விரியும் அறைகள், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சுவர்கள். மாவை மூன்றாக மடித்து விரிப்பதை மூன்று முறை செய்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். பஃப் பேஸ்ட்ரியில் இதை ஆறு முறை செய்வார்கள், 729 அடுக்கு. குரோசானுக்கு அவ்வளவு கூடாது. ஈஸ்ட் உள்ளே காற்றை நிரப்ப ஒவ்வொரு அடுக்குக்கும் கொஞ்சம் தடிமன் தேவை; மடிப்பு கூடினால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் ரொட்டியாகும்.

வெட்டுமுகத்தில் குறை தெரிந்தால் காரணத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுக்கே இல்லாமல் முழுதும் பன்போல இருந்தால் வெண்ணெய் மாவுக்குள் கரைந்துவிட்டது. மடிக்கும்போது இளகியிருக்கலாம், அல்லது உப்ப வைத்த இடம் சூடாக இருந்திருக்கலாம். வடிவமைத்த குரோசானை 26, 27 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பார்கள். 28ஐத் தாண்டினால் வெண்ணெய் இளகி அடுக்கை விட்டு வழியத் தொடங்கும். அவசரப்படும் கடைகளில் அதிகம் காணும் குறை இது.

நடுவில் மஞ்சளாக, ரப்பர்போல் ஒரு பட்டை இருந்தால் இரண்டில் ஒன்று. மேலே நன்றாகச் சிவந்து, உருவம் சிறுத்து, பக்கவாட்டில் வெடித்திருந்தால் உப்பியது போதாது. மேலேயும் வெளுத்துச் சுருங்கியிருந்தால் வெந்தது போதாது.

மேலோட்டுக்கு அடியில் குகைபோல் ஒரு பெரிய வெற்றிடம் இருந்தால் அளவு மீறி உப்பியிருக்கலாம், அல்லது மடிக்கும்போது வெண்ணெய் அளவுக்கதிகமாகக் குளிர்ந்து துண்டு துண்டாக உடைந்திருக்கலாம். உடைந்த வெண்ணெய்க்கு இன்னொரு அடையாளம், ஒரு பக்கம் தேன்கூடும் மறுபக்கம் கட்டியுமாக இருப்பது.

பார்த்து முடித்தபின் சாப்பிடுங்கள். முதல் கடி நுனியில்: அங்கே மேலோடு அதிகம், வறுபட்ட சுவை தெரியும். இரண்டாவது, நடுவில் ஒரு அடுக்கை விரலால் பிய்த்து. நன்றாக இருந்தால் அது அறுந்து விழாமல் நாடாபோல் சுருள் பிரியும். விழுங்கியபின் சில விநாடி கவனியுங்கள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், வாயின் சூடு அதைவிட அதிகம். அதனால் சுத்தமாகக் கரைந்து போய்விடும். பேஸ்ட்ரி மார்கரின் பெரும்பாலும் உடல் சூட்டிலும் முழுதாக உருகாது, மேல் அண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் நிற்கும். எந்த அட்டையும் சொல்லாததை அண்ணம் சொல்லிவிடும்.

உப்பையும் கவனியுங்கள். ஒரு கிலோ மாவுக்கு 20 கிராம் அளவில் உப்பு சேரும். அது குறைந்த குரோசானில் தவறு எதுவும் தெரியாது, ஆனாலும் இரண்டாம் கடிக்குக் கை போகாது.

மற்றவை, சுவைக்கும் வரிசையில்

குரோசானுக்கு முன்பே பாகெட்டின் நுனியைக் கிள்ளித் தின்றுவிடுங்கள். இனிப்பு ஏறாத நாக்குக்குத்தான் ரொட்டி புரியும். 'ட்ரடிசியோன்' என்ற பெயரோடு விற்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. பிரான்சின் 1993ஆம் ஆண்டு ஆணைப்படி அந்த ரொட்டியில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த தாய்மாவு இவையே அடிப்படை. வேதிப் பொருள் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. பாகெட் செய்யும் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல பாகெட்டின் உள்பகுதி வெள்ளையாக இருக்காது, தந்த நிறம். துளைகள் சிறிதும் பெரிதுமாகத் தாறுமாறாக இருக்கும். பஞ்சுபோல் வெளுத்துச் சீரான துளைகளோடு இருந்தால் வேகமாக, அதிகமாகப் பிசைந்து, குறைவாகப் புளிக்க வைத்தது. அடியில் புள்ளி புள்ளியாக வலைத் தடம் இருந்தால் துளையிட்ட தட்டில் வெந்தது. கல் தளத்தில் வெந்ததற்கு அடி தட்டையாக, மாவு படிந்திருக்கும். நன்கு சிவந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மணம் முழுதும் மேலோட்டில்தான்.

குரோசானுக்குப் பின் பான் ஓ ஷோகோலா. தென்மேற்குப் பிரான்சில் இதையே ஷோகோலத்தீன் என்பார்கள். அதே மாவு, உள்ளே இரண்டு சாக்லேட் குச்சி. இரண்டு முனையிலும் இரண்டும் தெரியவேண்டும். பாதாம் குரோசானை முதல் முறை தவிர்க்கச் சொல்வோம். முந்தின நாள் மிஞ்சிய குரோசானைச் சர்க்கரைப் பாகில் தோய்த்து, பாதாம் க்ரீம் வைத்து மறுபடி சுடுவது அது. நேர்மையான, ருசியான பண்டம். ஆனால் கடையின் மடிப்புத் திறமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது ஷூ மாவு: எக்லேர், உருண்டையான ஷூ, பாரி-பிரெஸ்ட். கடைசியது பாரிஸுக்கும் பிரெஸ்ட்டுக்கும் இடையே 1891இல் தொடங்கிய சைக்கிள் பந்தயத்தை ஒட்டி, 1910இல் லூயி துரான் சக்கர வடிவில் செய்தது. இவற்றின் கூடு நன்றாகச் சிவந்திருக்கவேண்டும். வெளிர்ந்த கூடு ஈரமானது. க்ரீம் வைத்த ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். நடுவில் வெட்டுங்கள். க்ரீம் முனை முதல் முனை வரை நிறைந்திருக்கிறதா, நடுவில் காலியா? பிறகு க்ரீமை மட்டும் ஒரு துளி நாக்கில் வையுங்கள். மாவுச் சுவை தெரிந்தால் கொதித்தது போதாது. கஸ்டர்ட் க்ரீமைக் கொதி வந்தபின்னும் ஒன்றிரண்டு நிமிடம் கிளறவேண்டும். இல்லையென்றால் மஞ்சள் கருவிலுள்ள நொதி சாகாமல் தங்கி, கெட்டியான மாவுச்சத்தைச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும். காலையில் நின்ற க்ரீம் மதியம் ஓடும். கருப்புப் புள்ளி தெரிவதால் மட்டும் நல்ல வெனிலா என்று நம்பிவிடாதீர்கள். சாறு எடுத்து முடித்த விதைகளும் அதே புள்ளிகளாகத்தான் தெரியும்.

மொறுமொறு தகடும் க்ரீமும் மாறி மாறி அடுக்கிய மில் ஃபெய் வாங்குவதாக இருந்தால், எப்போது அடுக்கியது என்று கேளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் க்ரீமின் ஈரம் தகட்டில் ஏறி நமத்துப்போயிருக்கும். நல்ல கடையில் தகட்டின் மேல் சர்க்கரை தூவி உருக்கியிருப்பார்கள், அந்தப் படலம் ஈரத்தைத் தடுக்கும். நிமிர்த்தி வைத்து வெட்டினால் க்ரீம் பிதுங்கித் தட்டெல்லாம் கிடக்கும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, பல் கத்தியால் அறுங்கள்.

சாக்லேட் கேக் அதற்குப் பிறகு, எலுமிச்சை டார்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் சாக்லேட்டைக் கடைசியில் வைப்பார்கள். எங்கள் எண்ணம் வேறு: சாக்லேட்டின் கொழுப்பை எலுமிச்சை கழுவிவிடும், ஆனால் எலுமிச்சைக்குப் பின் வரும் எதுவும் சப்பென்றிருக்கும். குளிர்ந்த டார்ட்டையும் கேக்கையும் 10, 15 நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். குளிரில் வெண்ணெய் இறுகியிருக்கும்போது மணம் வெளியே வராது.

இடையிடையே குடிக்கச் சாதாரணத் தண்ணீர். காபியோ டீயோ வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல், குரோசானைத் தனியாக ஒரு முறை சுவைத்தபின்.

எல்லாமே சுட்டவுடன் தின்னவேண்டியவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மக்ரோன் செய்த அன்று உலர்ந்த பிஸ்கட் போலிருக்கும். 24 மணி நேரம் குளிரில் இருந்து க்ரீமின் ஈரம் ஊறினால்தான் பதம் வரும். ஃபினான்சியே இரண்டு மூன்று நாள் தாங்கும். போர்தோ ஊரின் கனெலே நேர்மாறு: தேன்மெழுகு தடவிய செப்பு அச்சில் கருகும் எல்லை வரை சுட்ட அதன் ஓடு சில மணி நேரத்தில் இளகிவிடும், வாங்கிய இடத்திலேயே தின்பது உத்தமம். பிரெத்தோன் மொழியில் 'வெண்ணெய்ப் பணியாரம்' என்று பொருள்படும் குயின் அமான் உப்பு வெண்ணெயும் சர்க்கரையும் மடித்தது, லேசாகச் சூடாக்கினால் உயிர் பெறும். ஜனவரியில் போனால் கலெத் தே ருவா என்ற பண்டிகைப் பணியாரம் இருக்கும். பண்டிகை வழக்கப்படி அதற்குள் சிறு பீங்கான் பொம்மை ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். பல் பத்திரம், குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எடுத்துப் போவது, சூடாக்குவது

குரோசானும் ரொட்டியும் காகிதப் பையில், வாய் திறந்தபடி. பிளாஸ்டிக் பையில் போட்டால் தன் ஈரத்திலேயே நனைந்து பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். க்ரீம் வகைகள் அட்டைப் பெட்டியில், மடியில் அல்லாமல் தட்டையான இடத்தில். குளிரூட்டும் பை இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விடவேண்டும். அன்றே, தவறினால் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

குரோசானையும் ரொட்டியையும் மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் வெப்பநிலையில்தான். அன்றே தின்ன முடியாவிட்டால் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.

மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மேலோட்டை நனைக்கும். ஆறியதும் தோல்போல் இழுபடும். ஓவனை 170 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, 4 அல்லது 5 நிமிடம். ஃப்ரீசரிலிருந்து நேராக என்றால் 160 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். ஏர் ஃப்ரையரில் 150 டிகிரி, 3 நிமிடம் போதும், விசிறிக் காற்றில் மெல்லிய ஓடு சீக்கிரம் கருகும். எடுத்தபின் மூன்று நான்கு நிமிடம் கம்பி வலையில் ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு திரும்புவது ஓவனுக்குள் அல்ல, அந்த மூன்று நிமிடத்தில்.

இரண்டாம் முறை

முதல் முறை சுவைத்ததை அன்றே எழுதி வையுங்கள்: தேதி, வாங்கிய மணி, பொருள், வெட்டுமுகத்தில் கண்டது, ஒரு வரியில் சுவை. வெட்டிய குரோசானை ஒரு படமும் எடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து அதே மணிக்குப் போய் அதே பொருளை வாங்கி அதே இடத்தில் வெட்டுங்கள்.

வெளிறிய நிறம், வேகாத நடு, தட்டுக்குத் தட்டு வேறுபாடு இவை ஓவன் பழகப் பழகச் சரியாகும் குறைகள். இப்போது தேன்கூடு தெளிந்திருந்தால் அந்தக் கடை கற்றுக்கொண்டிருக்கிறது, தொடர்ந்து போகலாம். எண்ணெய் வடிந்த அடியும் அடுக்கில்லாத உள்பகுதியும் அப்படியே இருந்தால் சமையலறையின் சூட்டை அவர்கள் இன்னும் அடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஆனால் அண்ணத்தில் ஒட்டிய மெழுகுப் படலம் பழக்கத்தால் மாறாது. அது எந்தக் கொழுப்பை வாங்குவது என்று கடைக்காரர் எடுத்த முடிவு. அந்தக் கடையில் பாகெட்டும் எக்லேரும் நன்றாக இருந்தால் அவற்றுக்காகப் போங்கள், குரோசானை வேறிடத்தில் வாங்குங்கள்.